சைரன் அடிக்காத செவ்வாய்க்கிழமை: ஒரு வீட்டுப் பாதுகாப்பு ஆட்டோமேஷன் பழுதின் நிகழ்வு ஆய்வு

அக்கா வீட்டுக்கு நான் அமைத்துக் கொடுத்த பாதுகாப்பு அமைப்பு மூன்று இரவுகள் காரணமில்லாமல் அலறியது. அதைச் சரிசெய்தேன். சரிசெய்த பிறகு, கட்டாயம் அலறியிருக்க வேண்டிய ஓர் இரவில் அது சத்தமே போடவில்லை. இரண்டு பழுதுக்கும் காரணம் ஒன்றுதான். முதல் பழுதை நான் சரிசெய்த விதம்தான் இரண்டாவதைக் கண்ணில் படாமல் மறைத்தது. மாமாவுக்கு இரவுப் பணி. வீட்டில் அக்காவும் இரண்டு குழந்தைகளும் மட்டும் இருக்கும் நேரத்துக்காகவே அந்த அமைப்பு. அதனால் நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதி வைக்கிறேன்.

அமைப்பு

நான்கு கதவு சென்சார், இரண்டு அசைவு சென்சார். எல்லாம் ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறை வழியாக, சென்சார்களின் செய்திகளை வாங்கும் ஹப் என்ற ஒரு சிறு பெட்டியோடு பேசுகின்றன. ஹப்பிலிருந்து ஒரு கேபிள் ரவுட்டருக்கு. ஹோம் அசிஸ்டென்ட் என்ற வீட்டு ஆட்டோமேஷன் மென்பொருள் ஓடும் சிறு கணினியிலிருந்து இன்னொரு கேபிள் அதே ரவுட்டருக்கு. சைரன் மட்டும் அந்தக் கணினியிலேயே, யூஎஸ்பியில் செருகிய இரட்டை ரிலே பலகை (கணினி சொல்லும்போது இயங்கும் இரண்டு மின் ஸ்விட்சுகள்) வழியாக. வைஃபை போனாலும் சைரன் அடிக்க வேண்டும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு அது. அந்த யோசனையைச் சைரனோடு நிறுத்திவிட்டேன். சென்சார் பக்கம் கொண்டுபோகவில்லை.

கதவு சென்சாரின் உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. சட்டத்தில் ஒரு ரீட் ஸ்விட்ச், கதவில் ஒரு காந்தம். காந்தம் விலகினால் ஸ்விட்ச் நிலை மாறும், சென்சார் விழித்து ஒரு செய்தி அனுப்பிவிட்டு மறுபடி தூங்கும். ஹோம் அசிஸ்டென்ட் அதை ‘ஆன்’ என்றால் திறந்திருக்கிறது, ‘ஆஃப்’ என்றால் மூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்கிறது. இந்த இரண்டுக்கும் வெளியே ‘அன்அவைலபிள்’ என்றொரு நிலை உண்டு. சாதனத்தோடு தொடர்பே இல்லை என்று பொருள். இந்த ஆய்வு முழுவதும் அந்த மூன்றாவது நிலையைப் பற்றியதுதான்.

மூன்று பொய் அலாரங்கள்

முதல் முறை அதிகாலை 2 மணி கடந்து சில நிமிடத்தில் அழைப்பு.

“தம்பி, சைரன் அடிக்குதுடா. எல்லாக் கதவும் பூட்டித்தான் இருக்கு. பின்கதவுன்னு காட்டுது.”

“கோட் போட்டு நிறுத்துக்கா. காலையில வர்றேன்.”

காலையில் போய்ப் பார்த்தேன். பின்கதவின் காந்தம் சற்று விலகி ஒட்டப்பட்டிருந்தது. காற்றில் கதவு லேசாக ஆடியிருக்கும் என்று முடிவுகட்டி, காந்தத்தை நெருக்கி ஒட்டிவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் மறுபடியும். இந்த முறை பேட்டரியைச் சந்தேகித்துப் புதிய சிஆர்2032 போட்டேன். கிளம்பும்போது அக்கா ஒன்று சொன்னாள்: “சைரன் மட்டும்தான்டா அடிச்சுது. போனுக்கு ஒண்ணுமே வரல. நீ போனுக்கும் வரும்னு சொன்னியே?” அவள் போனில் பேட்டரி சேமிப்பு அமைப்பைத் தளர்த்திவிட்டு, இனி வரும் என்றேன்.

அந்த ஒரு வரியில் முழு விடையும் இருந்தது. சைரன் அடிக்கிறது, ஆனால் போனுக்குச் செய்தி போகவில்லை என்றால் அந்த நொடியில் வீட்டில் இணையம் இல்லை. அங்கேயே நின்று ரவுட்டரைத் திறந்து பார்த்திருந்தால் இந்தக் கதை அன்றோடு முடிந்திருக்கும். என் கையில் ஒரு எளிய விளக்கம் தயாராக இருந்ததால் அவள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மூன்றாவது முறைதான் ஆட்டோமேஷனின், அதாவது ‘இது நடந்தால் சைரனை அடி’ என்று நான் எழுதிய விதியின், ட்ரேஸைத் திறந்தேன். ஒரு ஆட்டோமேஷன் கடைசியாக ஓடிய ஐந்து முறைகளின் படிப்படியான பதிவை ஹோம் அசிஸ்டென்ட் வழக்கமாகச் சேமித்து வைக்கும். எது தூண்டியது, எந்தக் கண்டிஷன் பொருந்தியது, எந்த ஆக்‌ஷன் ஓடியது என்று எல்லாம் அதில் தெரியும். தூண்டிய மாற்றம் இப்படி இருந்தது: பின்கதவு, ‘ஆஃப்’ நிலையிலிருந்து ‘அன்அவைலபிள்’ நிலைக்கு.

நான் எழுதியிருந்த ட்ரிகரில், அதாவது ஆட்டோமேஷனைத் தூண்டும் வரியில், ‘ஃப்ரம்: ஆஃப்’ (எந்த நிலையிலிருந்து) மட்டும் இருந்தது, ‘டு’ (எந்த நிலைக்கு) என்று எதுவும் இல்லை. மூடிய நிலையைவிட்டுக் கதவு எங்கே போனாலும் அடிக்கட்டும் என்று எண்ணி அப்படி எழுதியிருந்தேன். சென்சாரின் தொடர்பு அறுந்தாலும் அது ‘மூடிய நிலையைவிட்டுப் போன’ கணக்கில்தான் சேரும். ஆக, கதவு அசையவே இல்லை. தொடர்பு மட்டும் அறுந்திருக்கிறது.

காரணம் கிடைத்த நிம்மதியில் ‘டு: ஆன்’ என்று ஒரு வரி சேர்த்தேன். இரண்டு நிமிட வேலை. தொடர்பு ஏன் அறுந்தது, எவ்வளவு நேரம் அறுந்திருந்தது, அந்த நேரத்தில் கதவு திறந்தால் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளில் ஒன்றைக்கூட அன்று நான் கேட்கவில்லை.

அமைதி

அதன்பிறகு ஒரு மாதம் பொய் அலாரம் இல்லை. ஐந்தாவது வாரம் சனிக்கிழமை, வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது அக்கா நடுவில் கேட்டாள்:

“செவ்வாக்கிழமை ராத்திரி நீ ஏதும் நிறுத்தி வச்சிருந்தியா?”

“இல்லையேக்கா. ஏன்?”

“சின்னவன் அழுதான்னு எழுந்தேன். கொடியில துணி எடுக்கணும்னு பின்கதவைத் திறந்துட்டேன். திறந்தப்புறம்தான் அலாரம் ஞாபகம் வந்துச்சு. அய்யோ, இப்ப அடிக்கப்போகுதுன்னு நின்னேன். அடிக்கவே இல்ல.”

அவளுக்கு அது நிம்மதியாக இருந்திருக்கிறது, குழந்தை மறுபடி விழிக்கவில்லை என்று. எனக்கு அந்த நேரத்தில் வயிறு கலங்கியது. ஒரு மாதமாக அந்தச் சைரனை நம்பித்தான் அவள் தூங்குகிறாள்.

பதிவுகளைத் தோண்டியது

ஹோம் அசிஸ்டென்ட் வழக்கமான அமைப்பில் 10 நாள் வரலாற்றைத்தான் வைத்திருக்கும். அக்கா நான்காம் நாளே சொன்னதால் பதிவு கிடைத்தது. இரண்டு வாரம் கழித்துச் சொல்லியிருந்தால் அந்த இரவின் தடயமே மிஞ்சியிருக்காது.

முதலில் சைரன் ஆட்டோமேஷனின் ட்ரேஸைத் தேடினேன். அந்தச் செவ்வாய்க்கு எதுவும் இல்லை. ஓடாத ஆட்டோமேஷனுக்கு ட்ரேஸ் இருக்காது என்பது யோசித்தால் எவருக்கும் புரியும். ஆனாலும் இந்த இடத்தில் பலர் நின்றுவிடுகிறோம். ‘ஏன் ஓடியது’ என்ற கேள்விக்கு ஆட்டோமேஷனின் பதிவைப் பார்க்க வேண்டும். ‘ஏன் ஓடவில்லை’ என்ற கேள்விக்கு, அதைத் தூண்டியிருக்க வேண்டிய சாதனத்தின் பதிவைப் பார்க்க வேண்டும். பின்கதவின் வரலாறு இப்படிச் சொன்னது:

2:00:38 – அன்அவைலபிள்
2:02:51 – ஆன்
2:03:40 – ஆஃப்

ஹப்புக்கென்று தனியாக உள்ள செயலியில் அதே கதவின் பதிவு வேறு மாதிரி இருந்தது: 2:02:10க்குத் திறந்தது, 2:03:40க்கு மூடியது. சென்சார் தன் வேலையைப் பிசகாமல் செய்திருக்கிறது. கதவு திறந்தது ஹப்புக்கு உடனே தெரிந்திருக்கிறது. கணினிக்கு 41 நொடி கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் ‘தொடர்பில்லை’ என்ற நிலையிலிருந்து நேராகத் ‘திறந்திருக்கிறது’ என்ற நிலைக்குத் தாவிய மாற்றமாக. என் புதிய ட்ரிகரோ ‘மூடிய நிலையிலிருந்து திறந்த நிலைக்கு’ என்ற மாற்றத்துக்காக மட்டும் காத்திருந்தது. கதவு திறந்திருப்பது திரையில் தெரிகிறது, இரவுக் காவலுக்கான நைட் மோடு இயங்குகிறது, சைரனுக்கு மின்சாரம் இருக்கிறது, ஆனாலும் அடிக்கவில்லை. நான் எழுதிய வரி சொன்னபடி அது சரியாகவே நடந்துகொண்டது.

அடுத்தது, தொடர்பு ஏன் அறுந்தது என்ற கேள்வி. அந்த நேரத்தில் வேறு எவையெல்லாம் காணாமல் போயின என்று பார்த்தேன். ஹப்பின் ஆறு சென்சார்களும், வைஃபை ப்ளக்குகளும், தொலைக்காட்சியும் சில நொடி இடைவெளிக்குள் ‘அன்அவைலபிள்’ ஆகியிருந்தன. கணினியில் நேராகச் செருகிய ரிலே மட்டும் அப்படியே இருந்தது. இத்தனை சாதனங்களுக்கும் பொதுவானது ரவுட்டர் ஒன்றுதான். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் ‘எவ்வளவு நேரமாக இயங்குகிறது’ என்ற வரியைப் பார்த்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் செவ்வாய் அதிகாலை 2 மணிக்கு வந்து நின்றது. அமைப்புகளுக்குள் போனால், வாராந்திர மறுதொடக்கம், செவ்வாய், 2:00.

அதை அங்கே வைத்தவன் நான்தான். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இணையம் மெதுவாக இருக்கிறது என்று அக்கா சொன்னபோது, யாருக்கும் தொந்தரவு இல்லாத நேரமாகப் பார்த்து வைத்துவிட்டு மறந்துபோனேன். என் போனில் அவள் அழைத்த மூன்று தேதிகளையும் நாட்காட்டியில் வைத்துப் பார்த்தேன். மூன்றும் செவ்வாய்.

ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. வாரத்தில் இரண்டேகால் நிமிடம்தான் அமைப்புக்குக் கண் தெரிவதில்லை. மிகச்சரியாக அந்த நேரத்தில் அக்கா கதவைத் திறந்தது தற்செயல் என்று ஏற்க மனம் வரவில்லை. சின்னவன் எதனால் விழித்தான் என்று கேட்டேன். “அவன் ரூம்ல மழைச் சத்தம் ஓடிட்டே இருக்கும்ல, அது நின்னுபோச்சு” என்றாள். அந்த மழைச் சத்தம் இணையத்திலிருந்து வைஃபை ஸ்பீக்கருக்கு வருவது. ரவுட்டர் அணைந்ததும் சத்தம் நின்றது, குழந்தை விழித்தான், அக்கா எழுந்தாள், கதவைத் திறந்தாள். அலாரத்தின் கண்ணைக் கட்டிய அதே ரவுட்டர்தான் வீட்டையும் எழுப்பிவிட்டிருக்கிறது. பழுது ஒன்று நடக்கும்போது வீட்டிலுள்ளவர்களும் அதற்கேற்ப நடமாடுவார்கள் என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. மின்வெட்டு இரவில் கதவுகள் அதிகம் திறக்கப்படுவதும் இதே கணக்குதான்.

நடத்திப் பார்த்தது

ஊகத்தோடு விடக் கூடாது என்று ஞாயிறு பகலில் உட்கார்ந்தோம். ரிலேயில் சைரனுக்குப் பதிலாக ஒரு சிறு விளக்கை மாட்டினேன். நைட் மோடைப் போட்டுவிட்டு அக்கா கதவருகில், நான் திரை முன்னால்.

எல்லாம் சரியாக இருக்கும்போது கதவைத் திறந்தால் விளக்கு உடனே எரிந்தது. ரவுட்டரின் மின்சாரத்தைப் பிடுங்கி, சென்சார்கள் ‘அன்அவைலபிள்’ ஆனபின் கதவைத் திறந்து, திறந்தபடியே வைத்துவிட்டு ரவுட்டரைப் போட்டால் விளக்கு எரியவில்லை. செவ்வாய் இரவு அப்படியே மறுபடி நடந்தது. மூன்றாவது சோதனையை அக்காவே கேட்டாள்: “திறந்துட்டு, ரவுட்டர் வர்றதுக்குள்ள மூடிட்டா?” செய்து பார்த்தோம். வரலாற்றில் ‘அன்அவைலபிள்’, அடுத்து ‘ஆஃப்’. கதவு திறந்து மூடியதற்கு ஹோம் அசிஸ்டென்ட்டில் ஒரு வரிகூட இல்லை.

இந்த மூன்றாவது சோதனைதான் என் தீர்வின் திசையையே மாற்றியது. ட்ரிகரை எவ்வளவு கவனமாக எழுதினாலும், வராத செய்தியை அது பார்க்க முடியாது. வேலை எழுத்தில் மட்டும் இல்லை, கேபிளிலும் இருக்கிறது.

மாற்றியவை

கேபிளிலிருந்து தொடங்கினேன். ஹப்பும் கணினியும் இப்போது ஐந்து கேபிள் செருகக்கூடிய ஒரு சிறிய நெட்வொர்க் ஸ்விட்சில் நேராக இணைந்திருக்கின்றன. ரவுட்டரும் அதே ஸ்விட்சில் ஒரு கிளையாகத் தொங்குகிறது. ஹப்புக்கும் கணினிக்கும் நிலையான ஐபி (நெட்வொர்க்) முகவரி கொடுத்தேன். ரவுட்டர் அணைந்தாலும் ஹப்பும் கணினியும் ஸ்விட்ச் வழியாகத் தொடர்ந்து பேசுகின்றன. ஹப், ஸ்விட்ச், கணினி, சைரன் நான்கும் ஒரே யூபிஎஸ்ஸில். வாராந்திர மறுதொடக்கத்தை எடுத்தேவிட்டேன்.

ட்ரிகரில் ‘ஃப்ரம்’ வரியை நீக்கி ‘டு: ஆன்’ மட்டும் வைத்தேன். கதவு எந்த நிலையிலிருந்து திறந்த நிலைக்கு வந்தாலும், நைட் மோடில் இருந்தால் சைரன். தொடர்பு அறுவதற்குத் தனி ஆட்டோமேஷன். கதவு சென்சார் எதுவும் ஒரு நிமிடம் தொடர்ந்து ‘அன்அவைலபிள்’ அல்லது ‘அன்நோன்’ (நிலை தெரியவில்லை) நிலையில் இருந்தால், ரிலே பலகையின் இரண்டாவது முனையில் மாட்டிய சிறு பஸ்ஸர் அக்காவின் அறையில் ஒலிக்கும். சைரன் அடிக்காது. கதவு திறந்துவிட்டது என்று பொய் சொல்லவும் கூடாது, மூடியிருக்கிறது என்று பொய் சொல்லவும் கூடாது. எனக்குத் தெரியவில்லை, எழுந்து பார் என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு தனிச் சத்தம் வேண்டும்.

இதோடு முடியும் என்றுதான் நினைத்தேன். மற்ற ஆட்டோமேஷன்களையும் அதே கண்ணோடு படித்தபோது இன்னும் மூன்று இடம் அகப்பட்டது.

முதலாவது குரூப். நான்கு கதவுகளையும் ‘எல்லாக் கதவும்’ என்று ஒரு குரூப்பாக்கி முகப்பில் வைத்திருந்தேன். அதில் ஒரு கதவு தொடர்பில்லாமல் போய், மற்ற மூன்றும் மூடியிருந்தால் குரூப் ‘ஆஃப்’ என்றே காட்டும். எல்லா உறுப்பும் தொலைந்தால்தான் குரூப்பும் ‘அன்அவைலபிள்’ ஆகும். இரவில் அக்கா பார்த்து நம்புவது அந்த ஒரு பச்சை அடையாளத்தைத்தான். குரூப்பை எடுத்துவிட்டு, நான்கும் ‘ஆஃப்’ என்று தனித்தனியாகச் சொன்னால் மட்டும் பச்சை காட்டும் ஒரு டெம்ப்ளேட் சென்சார், அதாவது மற்ற சென்சார்களின் நிலையிலிருந்து கணக்கிடும் மென்பொருள் சென்சார், எழுதினேன்.

இரண்டாவது, நைட் மோடு போடுவதற்கு முந்தைய சோதனை. ‘எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை’ என்று கண்டிஷன் வைத்திருந்தேன். தொடர்பில்லாத கதவும் ‘திறந்திருக்காத’ கதவுதானே? அது தாராளமாகத் தேறிவிடும். ‘எல்லாக் கதவும் மூடியிருக்கின்றன’ என்று மாற்றினேன். பேச்சில் இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கும். அந்த இரண்டு வாக்கியத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் ஒரு திருடன் நுழைய முடியும்.

மூன்றாவது, மாமாவின் போன் வீட்டு எல்லைக்குள் வந்தால் அலாரம் தானாக அணையும் ஆட்டோமேஷன். வழக்கமான எல்லை 100 மீட்டர் ஆரம். ஜிபிஎஸ் கட்டடத்துக்குள் சற்றே அலைபாய்ந்தாலும் போன் வெளியே போய் உள்ளே வந்ததாகக் கணக்காகிவிடும். மாமா வீட்டில் தூங்கும் விடுமுறை இரவில் அப்படி ஒருமுறை நடந்திருப்பது பதிவில் இருந்தது. அலாரத்தைப் போட இருப்பிடத்தைப் பயன்படுத்தலாம். அணைக்கப் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இப்போது கோட் போட்டால்தான் அணையும்.

சிறு திருத்தங்கள் இரண்டு. சைரன் ஆட்டோமேஷனின் மோடு ‘சிங்கிள்’ என்றிருந்தது. எதுவும் குறிப்பிடாவிட்டால் வருவது அதுதான். சைரன் மூன்று நிமிடம் அடித்து முடியும்வரை இன்னொரு கதவு திறந்தாலும் கண்டுகொள்ளாது. ‘ரீஸ்டார்ட்’ ஆக்கினேன். அடுத்தது, ‘இத்தனை நிமிடம் தொடர்ந்து’ என்று ‘ஃபார்’ போட்டு எழுதும் ட்ரிகர்கள் ஹோம் அசிஸ்டென்ட் மறுதொடக்கம் ஆனால் எண்ணிக்கொண்டிருந்ததை மறந்துவிடும். ஆகவே தொடங்கியவுடன் நான்கு கதவின் நிலையையும் ஒருமுறை சரிபார்க்கும் ஆட்டோமேஷன் ஒன்றைச் சேர்த்தேன்.

மறுசோதனை

அதே ஞாயிறு மாலை மூன்று சோதனையையும் மறுபடி நடத்தினோம். ரவுட்டரைப் பிடுங்கியபின் கதவைத் திறந்தாலும் விளக்கு எரிந்தது. திறந்து உடனே மூடினாலும் எரிந்தது. ஹப்பின் கேபிளைப் பிடுங்கினால் சென்சார்கள் ‘அன்அவைலபிள்’ ஆகி, அதிலிருந்து ஒரு நிமிடத்தில் பஸ்ஸர் ஒலித்தது. கடைசியாக விளக்கைக் கழற்றிவிட்டுச் சைரனையே மாட்டி ஒருமுறை. பெரியவள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒரு சோதனையில் மட்டும் தோற்றோம். பின்கதவு சென்சாரின் பேட்டரியையே கழற்றினேன். ஒரு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம். ‘மூடியிருக்கிறது’ என்றே காட்டிக்கொண்டிருந்தது. இது இந்த ஹப்புக்கு மட்டும் உரிய குறை இல்லை. பேட்டரி சென்சார் பெரும்பாலான நேரம் தூங்குவது. அதன் மௌனத்தை உடனே சந்தேகித்தால் நாளெல்லாம் பொய் எச்சரிக்கை வரும். அதனால் மென்பொருள்கள் நிறையவே பொறுத்துக்கொள்கின்றன. ஹோம் அசிஸ்டென்ட்டின் சொந்த ஜிக்பீ இணைப்பான இசட்எச்ஏ, பேட்டரி சாதனம் தொலைந்ததாக அறிவிக்க வழக்கமாக 6 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஜிக்பீ2எம்க்யூடிடி என்ற இன்னொரு ஜிக்பீ மென்பொருளில், சாதனத்தின் இருப்பைக் கண்காணிக்கும் வசதியை இயக்கினால் 25 மணி நேரம்.

கம்பிவழி அலாரங்கள் இதைப் பல காலம் முன்பே தீர்த்துவைத்திருக்கின்றன. கதவுச் சுற்றின் கடைசியில், சென்சாருக்குப் பக்கத்திலேயே ஒரு ரெசிஸ்டரை வைத்துவிடுவார்கள். அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பேனல் அந்த மின்தடையை இடைவிடாமல் அளந்துகொண்டே இருக்கும். குறித்த அளவு தெரிந்தால் கதவு மூடியிருக்கிறது. தடை எல்லையில்லாமல் ஏறினால் கதவு திறந்திருக்கிறது, அல்லது கம்பி அறுந்திருக்கிறது. பூஜ்யமானால் யாரோ கம்பிகளை ஒட்டிவைத்து ஏமாற்றப் பார்க்கிறார்கள். அந்தச் சுற்றில் மௌனம் என்று ஒன்று இல்லவே இல்லை.

அக்காவிடம் இதை விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப பின்கதவுக்கு மட்டுமாவது கம்பி இழுத்துடு” என்றாள். அளவெடுத்துவிட்டேன், பின்கதவின் சட்டத்திலிருந்து கணினி இருக்கும் அலமாரிவரை பதினொரு மீட்டர். அடுத்த ஞாயிறு துளையிடுகிறோம்.